கடல்மட்டக் கணக்கு பிழையாகலாமா?

ரயில் நிலையங்களின் மஞ்சள் நிறப் பெயர்ப்பலகைகளில், ஊரின் பெயருக்குக் கீழே அந்த இடம் சராசரி கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்போம். அந்த உயரம் எந்தக் கடலிலிருந்து, எந்த ஆண்டின் மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டது என்று நம்மில் பலரும் கேட்டிருக்க மாட்டோம்.

சென்னை, நாகப்பட்டினம், கொச்சி, மும்பை, விசாகப்பட்டினம் உள்ளிட்ட ஒன்பது இடங்களில் பதிவான கடல்மட்டச் சராசரிகளை அடிப்படையாகக் கொண்டு, 1909-இல் இந்திய நில அளவைத் துறை ஓர் அடிப்படை மட்டத்தை வகுத்தது. அதுவே சுழியம் என்று கொள்ளப்பட்டது. மலையின் உயரம், அணையின் உயரம், சாலையின் உயரம் அனைத்தும் அந்தச் சுழியத்திலிருந்தே அளக்கப்பட்டு வந்தன. நிலம் ஏறலாம், இறங்கலாம். கடல் மட்டும் நிலையாக நிற்கும் என்பது அக்கால நம்பிக்கை.

அந்த நம்பிக்கை இன்று பொய்த்துவிட்டது. 1901 முதல் 2018 வரை உலகின் சராசரி கடல்மட்டம் ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்திருப்பதாக, பருவநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுகளின் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 1901 முதல் 1971 வரை ஆண்டுக்கு 1.3 மி.மீ. என்றிருந்த உயர்வு, 2006 முதல் 2018 வரையிலான காலத்தில் 3.7 மி.மீ. ஆகியிருக்கிறது.

நம் பகுதிக்கான கணக்கும் உண்டு. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட பருவநிலை மதிப்பீட்டு அறிக்கையின்படி, வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1874 முதல் 2004 வரை ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மி.மீ. வரை உயர்ந்தது; 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மி.மீ. உயர்ந்தது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, உயர்வின் வேகம் இருமடங்குக்கும் மேலாகிவிட்டது என்று மேடைகளிலும் ஊடகங்களிலும் சொல்கிறோம்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இங்கே எனக்கு ஒரு தயக்கம் எழுவதுண்டு. மொத்த விலைக் குறியீட்டெண்ணை ஒரு காலத்துக்கும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை மற்றொரு காலத்துக்கும் எடுத்துக்கொண்டு, பணவீக்கம் இத்தனை மடங்கு கூடிவிட்டது என்று ஒரு மாணவர் எழுதினால் அவருக்கு மதிப்பெண் தரமாட்டோம். மேற்கண்ட இரண்டு எண்களில் முதலாவது, துறைமுகங்களில் உள்ள கருவிகள் அளந்தது. இரண்டாவது, பெரிதும் விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அளந்தது. இரண்டும் அளந்த பொருளே வேறு.

இதைச் சொல்வதால் கடல் உயரவில்லை என்றோ, வேகம் கூடவில்லை என்றோ பொருளாகாது. ஒரே வகைக் கருவியின் பதிவுகளை மட்டும் வைத்துப் பார்த்தாலும் உலகளவில் வேகம் கூடியிருப்பது உறுதி. ஆனால், எவ்வளவு கூடியிருக்கிறது, எந்த ஊரில் கூடியிருக்கிறது என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல, அளக்கும் கருவிகளைப் பற்றிய புரிதல் தேவை.

கடல்மட்டத்தை அளப்பது பார்வைக்கு எளிது, செயலில் கடினம். கடல் ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. அலைகள் நொடிக்கு நொடி மாறுகின்றன. ஓதம் எனப்படும் ஏற்றவற்றம் ஒவ்வொரு நாளும் நிகழ்கிறது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர்கிறது. வங்கக் கடலில் பருவத்துக்குப் பருவம் ஏற்படும் மாற்றமே பல சென்டிமீட்டர். இத்தனை சலனங்களுக்கு நடுவே ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டர் உயர்வைக் கண்டறிய வேண்டும். மூன்று மில்லிமீட்டர் என்பது அரிசியின் நீளம்கூட இல்லை.

இதற்காக மனிதன் அமைத்த பழைய கருவி ஓதமானி. கடலுக்குள் செங்குத்தாக ஒரு குழாயை நிறுத்தி, அதன் அடியில் சிறிய துளையிட்டால், அலையின் ஆட்டம் உள்ளே அடங்கிவிடும். மட்டம் மட்டும் மெல்ல ஏறி இறங்கும். உள்ளே மிதக்கும் மிதவை ஓர் எழுதுகோலை அசைத்து, சுழலும் காகிதத்தில் கோடு வரையும். மும்பை துறைமுகத்தில் 1878 முதல் இத்தகைய பதிவு இருக்கிறது; ஆசியாவின் மிக நீண்ட பதிவுகளுள் அதுவும் ஒன்று. கருவி எளியது என்றாலும் அதற்கும் நோய்கள் உண்டு. துளையில் சேறும் சிப்பியும் அடைத்துக்கொள்ளும், கடிகாரம் பிந்தும், கம்பி துருப்பிடிக்கும்.

அடுத்து வந்தது அழுத்த உணரி. நீருக்கடியில் வைத்து, மேலே உள்ள நீரின் எடையைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடுவது இதன் முறை. ஆனால் நீரின் எடை அதன் உப்பையும் வெப்பத்தையும் பொறுத்தது. மழைக்கால வெள்ளத்தில் ஆற்றுநீர் கலக்கும் முகத்துவாரத்தில், கோடையில் கண்ட அதே எடை அதே உயரத்தைக் குறிக்காது. தவிர, காலப்போக்கில் உணரியின் சுழியமே மெல்ல நழுவும்.

ஒலியைக் கொண்டு அளக்கும் கருவி மூன்றாவது. மேலிருந்து ஒலித்துடிப்பை அனுப்பி, அது நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறார்கள். காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்து மாறும். ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர் மாறும். ஐந்து மீட்டர் தொலைவை அளக்கும்போது, அந்த ஒரு டிகிரி கணக்கில் விடுபட்டால் ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர் பிழை நேரும். கடல் மூன்று ஆண்டுகளில் உயரும் அளவு அது! வெயில் காயும் நம் கடற்கரைகளில் குழாயின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே வெப்பம் பல டிகிரி வேறுபடக்கூடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இக்காலத்தில் பரவலாகப் பயன்படுவது ரேடார் உணரி. இது நீரைத் தொடுவதில்லை. காற்றின் வெப்பமும் இதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. பராமரிப்பும் எளிது. ஆனாலும் கொந்தளிக்கும் அலைகளும், கருவிக்குக் கீழே ஒதுங்கும் படகும் இதை ஏமாற்றக்கூடும். இதைத் தாங்கி நிற்கும் கம்பம் சாய்ந்தால் அளவும் சாயும்.

பன்னாட்டுக் கடல்மட்டக் கண்காணிப்பு அமைப்பு, ஒவ்வோர் அளவீட்டிலும் பிழை ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஒரு சென்டிமீட்டர் பிழையுள்ள கருவியால் மூன்று மில்லிமீட்டரை எப்படி அறிய முடியும்? இதற்குப் புள்ளியியல் விடை தருகிறது. தற்செயலான பிழைகள் ஒரு முறை கூடுதலாகவும் மறுமுறை குறைவாகவும் விழும். ஆயிரக்கணக்கான அளவீடுகளின் சராசரியில் அவை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஆனால் ஒரே திசையில் சாயும் பிழை சராசரியால் தீராது. குறைவாக நிறுக்கும் தராசில் ஆயிரம் முறை நிறுத்தாலும் எடை குறைவாகவே இருக்கும். அத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க வேறொரு தராசு வேண்டும்.

1992 ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரான்ஸும் இணைந்து ஏவிய டோபெக்ஸ்-போசைடன் செயற்கைக்கோளின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. 1,336 கி.மீ. உயரத்தில் சுற்றியபடி ரேடார் துடிப்புகளை அனுப்பி, சுமார் பத்து நாள்களுக்கு ஒரு முறை உலகக் கடல்களின் மட்டத்தை அது அளந்தது. அதன் வழித்தோன்றல்களாக ஜேசன் வரிசையும், 2020-இல் ஏவப்பட்ட சென்டினல்-6 செயற்கைக்கோளும் அந்தப் பணியைத் தொடர்கின்றன. பிரான்ஸுடன் இணைந்து இஸ்ரோ 2013-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய சரல் செயற்கைக்கோளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

விண்ணிலிருந்து அளந்ததால் பிழை இராது என்றே முதலில் எண்ணப்பட்டது. ஆனால் உலகெங்கும் உள்ள துறைமுக ஓதமானிகளின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, முதல் ஆறு ஆண்டுகளில் அந்தச் செயற்கைக்கோளின் உயரமானி மெல்ல நழுவியிருந்தது தெரியவந்தது. அக்காலத்தில் கடல் உண்மையில் உயர்ந்ததைவிடக் கூடுதலாக உயர்ந்ததுபோல் அது காட்டியிருந்தது. தொடக்க ஆண்டுகள் மிகையாகக் காட்டப்பட்டதால், பிந்தைய ஆண்டுகளில் வேகம் கூடியது கண்ணுக்குப் புலப்படாமல் போனது. பிழை திருத்தப்பட்ட பிறகே, உயர்வு முடுக்கம் பெற்றிருப்பது தெளிவாயிற்று. பெரும் பொருட்செலவில் விண்ணில் நிறுத்தப்பட்ட கருவியின் குறையைக் கரையோரத்து எளிய கருவிகள் பிடித்துக் கொடுத்தன.

ஓதமானியிலும் ஒரு பெருங்குறை உண்டு. அது நிலத்தில் ஊன்றி நிற்பது. நிலம் தாழ்ந்தால் கடல் உயர்ந்தது போலவும், நிலம் உயர்ந்தால் கடல் தாழ்ந்தது போலவும் அது காட்டும். பனியுகப் பாளங்களின் சுமை நீங்கியதால் ஸ்வீடன் நாட்டு நிலம் இன்றும் உயர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே ஸ்டாக்ஹோம் பதிவில் கடல் ஆண்டுதோறும் தாழ்கிறது. நிலத்தடி நீரை அளவின்றி இறைத்த மணிலா நகரில் நிலம் அமிழ்வதால், கடல் பன்மடங்கு வேகத்தில் உயர்வதாகத் தெரிகிறது. நம் நாட்டிலும் ஹூக்ளி ஆற்றின் டயமண்ட் ஹார்பரில் ஆண்டுக்கு ஐந்து மில்லிமீட்டருக்கும் கூடுதலான உயர்வு பதிவானதற்கு, கழிமுக நிலம் அமிழ்வதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஆகவே ஓதமானிக்கு அருகிலேயே, செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் ஜிபிஎஸ் போன்ற கருவியை நிலையாகப் பொருத்தி, நிலத்தின் அசைவைத் தனியே அளக்க வேண்டும். அப்போதுதான் உயர்ந்தது கடலா, தாழ்ந்தது நிலமா என்று பிரித்தறிய முடியும். கரையில் வாழ்பவருக்கு இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வந்துவிட்ட பிறகு இரண்டும் ஒன்றுதான். தடுக்கும் வழியைத் தேடும்போது ஒன்றல்ல. கடல் உயர்வதை ஓர் ஊராட்சியால் நிறுத்த முடியாது. ஆழ்துளைக் கிணறுகளால் நிலம் அமிழ்வதை ஓர் அரசாணையால் கட்டுப்படுத்தலாம்.

செயற்கைக்கோளுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அது புவியின் மையத்தைக் கொண்டு அளக்கிறது. ஆனால் கரைக்கு அருகில், அதாவது நமக்கு மிகவும் தேவைப்படும் இடத்தில், நிலத்தின் எதிரொலியும் கலந்துவிடுவதால் வழக்கமான உயரமானியின் அளவு தெளிவிழக்கிறது. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள், ஒற்றைக் கோடாக அல்லாமல் அகன்ற பட்டையாக நீர்ப்பரப்பை அளந்து இக்குறையைக் குறைக்க முயல்கிறது. இருப்பினும் கரையின் அளவை உறுதிசெய்யக் கரையில் ஒரு கருவி வேண்டும் என்ற நிலை மாறவில்லை.

கடல்மட்டக் கணக்கைச் சரிபார்க்க மூன்றாவது வழியும் உண்டு. கடல் இரண்டு காரணங்களால் உயர்கிறது. ஒன்று, நீர் சூடாகி விரிவது. மற்றொன்று, உருகும் பனியிலிருந்து புதிதாக நீர் சேர்வது. முதலாவதை, இரண்டு கிலோமீட்டர் ஆழம் வரை மூழ்கி எழுந்து வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் ஆர்கோ மிதவைகள் தருகின்றன. உலகக் கடல்களில் சுமார் நான்காயிரம் மிதவைகள் இப்பணியில் உள்ளன; ஹைதராபாதில் இயங்கும் இந்திய தேசிய பெருங்கடல் தகவல் சேவை மையமும் இதில் பங்கேற்கிறது. இரண்டாவதை, ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து புவியீர்ப்பின் சிறு மாற்றங்களை உணரும் கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் தருகின்றன. இவ்விரண்டின் கூட்டுத்தொகை, உயரமானி தரும் மொத்தத்துக்குச் சமமாக வேண்டும்.

கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது நன்கு விளங்கும். இரட்டைப் பதிவு முறையில் பற்றும் வரவும் பொருந்தாவிட்டால் எங்கோ பிழை என்று பொருள். 2016-க்குப் பிறகு கடல் கணக்கிலும் இதுதான் நேர்ந்தது. இரு பக்கங்களும் பொருந்தவில்லை. தேடியபோது, சில ஆர்கோ மிதவைகளின் உப்பு உணரிகள் நழுவியிருந்தது ஒரு காரணம் என்று கண்டறியப்பட்டது. மூன்று தனித்தனிக் கணக்குகள் இருந்ததால்தான் அந்தத் தவறு அகப்பட்டது. ஒரே கருவியை நம்பியிருந்தால் தவறும் உண்மையாகவே ஏற்கப்பட்டிருக்கும்.

துல்லியம் என்பது ஏதோ ஒரு விலையுயர்ந்த உணரிக்குள் இருப்பதன்று. வெவ்வேறு வகைக் கருவிகள், வெவ்வேறு விதங்களில் தவறக்கூடியவை, ஒன்றையொன்று தணிக்கை செய்யும் ஏற்பாட்டில்தான் அது இருக்கிறது. அந்த ஏற்பாடு நீண்ட காலம் அறுபடாமல் தொடர வேண்டும் என்பது இன்னும் முக்கியம்.

இங்கேதான் பொருளியல் சிக்கல் எழுகிறது. கடல்மட்டப் பதிவு ஒரு பொதுப்பண்டம். அதன் பயன் அனைவருக்கும் சேரும்; விலை கொடுக்க எவரும் முன்வரமாட்டார். பயனும் முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தே தெரியும். புதிய கருவி நிறுவினால் திறப்பு விழா உண்டு. பழைய கருவியின் துளையில் அடைத்த சிப்பியை அகற்றினால் விழா இல்லை. ஆகவே முதலீட்டுச் செலவுக்குக் கிடைக்கும் கவனம் பராமரிப்புச் செலவுக்குக் கிடைப்பதில்லை. பாசனக் கால்வாய்களிலும் அரசுப் பள்ளிக் கட்டடங்களிலும் நாம் கண்ட பழைய நோய்தான் இது.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. சென்னை, தூத்துக்குடி, விசாகப்பட்டினம் துறைமுகங்களின் ஓதமானிகள் அந்த அலையைப் பதிவு செய்தன. ஆனால் எவரையும் எச்சரிக்க அவை உதவவில்லை. அந்தப் பேரிழப்புக்குப் பிறகு, 2007-இல் ஹைதராபாத் மையத்தில் எச்சரிக்கை அமைப்பு தொடங்கப்பட்டது. ஆழ்கடல் தரையில் அழுத்த உணரிகளும், கரையோரம் உடனுக்குடன் தகவல் அனுப்பும் ஓதமானிகளும் அமைந்தன. பாராட்டத்தக்க பணி.

ஆனால் ஒன்றை மறத்தல் கூடாது. ஆழிப்பேரலை எச்சரிக்கைக்கு வேண்டியது வேகம். சில நிமிடங்களில் தகவல் வந்தால் போதும், ஒரு சென்டிமீட்டர் பிசகினால் குற்றமில்லை. பருவநிலைக் கணக்குக்கு வேண்டியதோ நிலைத்தன்மை. தகவல் ஒரு மாதம் தாமதமாக வரலாம், ஆனால் கருவியின் சுழியம் முப்பது ஆண்டுகளுக்கு மில்லிமீட்டர் அளவிலும் நகரக் கூடாது. முதல் தேவைக்கு அமைக்கப்பட்ட கருவி இரண்டாவது தேவையைத் தானாக நிறைவேற்றிவிடும் என்று கருதுவது தவறு.

மில்லிமீட்டர் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? ஆண்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் பிசகு ஐம்பது ஆண்டுகளில் பத்து சென்டிமீட்டராகும். நூறடிக்கு ஓரடி என்று சரியும் கடற்கரையில், பத்து சென்டிமீட்டர் உயர்வு நீரின் விளிம்பைப் பத்து மீட்டர் உள்ளே கொண்டுவரும். மக்கள்நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைகளில், உயர் ஓதக் கோட்டிலிருந்து ஐம்பது மீட்டர் தொலைவு வரை மட்டுமே கட்டுமானத் தடை இருந்தால் போதும் என்கிறது 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை. ஐம்பதில் பத்து என்பது ஐந்தில் ஒரு பங்கு. நாகப்பட்டினம், வேதாரண்யம், பழவேற்காடு போன்ற தாழ்ந்த கரைகளில் அந்தப் பத்து மீட்டருக்குள் மீனவரின் வீடும் வலை உலர்த்தும் மணலும் இருக்கக்கூடும்.

கணக்கு குறைவாக இருந்தால் அவர்கள் ஆபத்தில் விடப்படுவர். மிகையாக இருந்தால், தேவையின்றி வாழிடத்திலிருந்து அகற்றப்படுவர். தடுப்புச் சுவரின் உயரம், துறைமுகத் தளத்தின் உயரம், மழைநீர் வடிகாலின் வாய் ஆகிய ஒவ்வொன்றிலும் இதே தராசுதான் ஆடுகிறது. ஒரு ஓதமானியைப் பராமரிக்க ஆகும் தொகை, தவறான உயரத்தில் கட்டப்படும் ஒரே ஒரு சுவரின் செலவோடு ஒப்பிட்டால் அற்பம்.

செய்ய வேண்டியவை எளியவையே. ஒவ்வொரு முக்கியத் துறைமுகத்திலும் வெவ்வேறு வகையைச் சேர்ந்த குறைந்தது இரண்டு உணரிகள் அருகருகே இயங்க வேண்டும். பழைய கருவியை அகற்றுவதற்கு முன், புதியதும் பழையதும் சில ஆண்டுகள் சேர்ந்து ஓட வேண்டும்; விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டை மாற்றும்போது பழைய தொடரையும் புதிய தொடரையும் இணைப்பதற்கு நாம் செய்வதைப் போன்றதுதான் இது. அருகிலுள்ள பாறையிலோ கட்டடத்திலோ பதித்த மட்டக்குறியோடு கருவியின் சுழியத்தை ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பதிய வேண்டும். நிலத்தின் அசைவை அளக்கும் கருவி உடன் இருக்க வேண்டும். கருவி எப்போது பழுதானது, எப்போது மாற்றப்பட்டது என்ற குறிப்போடு தரவுகள் அனைத்தும் பொதுவெளியில் கிடைக்க வேண்டும். இவற்றுக்கான பராமரிப்புத் தொகை, திட்டம் முடிந்தவுடன் நின்றுபோகாமல், ஆண்டுதோறும் வரவு-செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் இடம்பெற வேண்டும்.

ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடற்கரையைக் கொண்ட தமிழ்நாட்டுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை இருந்தாக வேண்டும். கடலோர மாவட்டங்களின் கல்லூரிகள் அருகிலுள்ள ஓதமானியின் பதிவைச் சரிபார்க்கும் பணியில் பங்கேற்கலாம். மாணவர்களுக்கு அது புள்ளியியல் பாடமாகும். அரசுக்குச் செலவில்லாத தணிக்கையாகும்.

மும்பையில் 1878-இல் பதிவைத் தொடங்கியவர்கள் புவி வெப்பமாதலைப் பற்றி அறிந்திருக்கவில்லை. கப்பல்கள் கரை சேர ஏற்றவற்ற நேரம் தெரிந்தால் போதும், நாட்டை அளக்க ஒரு சுழியம் கிடைத்தால் போதும் என்பதே அவர்களின் தேவை. ஆயினும் அவர்கள் கவனத்தோடு எழுதிவைத்த கோடுகள் இன்று நமக்குச் சான்றாக நிற்கின்றன. 2100-இல் வாழப்போகிறவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பதும் அத்தகைய அறுபடாத ஒரு பதிவைத்தான். விடுபட்ட ஆண்டின் கடல்மட்டத்தைப் பிற்பாடு எவ்வளவு பணம் செலவழித்தாலும் அளக்க முடியாது.